எதிலிருந்து சுயாதீனம்?

சினிமாவின் பிடியிலிருந்து விடுபட்ட ‘சுயாதீன இசை’ தமிழிலே தோன்றிவிட்டது என்று பெருமை பேசுகின்றனர். நடிகை ஸ்ருதி ஹாசன் இசையமைத்துப் பாடி, 2024 மார்ச்சில் வெளிவந்த ‘இனிமேல்’ அவ்வரிசையில் வைக்கப்படுவது. அதன் வரிகள் தந்தையார் கமல் ஹாசனுடையவை. வெளியிட்டது அவரது ராஜ்கமல் பட நிறுவனம். காட்சியில் உடன் நடித்தவர் திரைப்பட இயக்குநர் லோகேஷ் கனகராஜ். அப்படியாயின் சுயாதீனம் எதிலிருந்து?

நடிகை பாடலாகாது என்பதன்று நம் வாதம். விடுதலை இயக்க மேடைகளிலே பாடி மக்களைத் திரட்டிய கே. பி. சுந்தராம்பாளும் நடிகையே. ஸ்ருதியும் இசையறியாதவரல்லர்; 1992இல் ‘தேவர் மகன்’ படத்தில் சிறுமியாகவே பாடியவர். நகரத்துக் காதலரின் கூடலும் பிரிவும் பாடற்பொருளாகலாம். மேனாட்டு மெட்டும் வரலாம். நாம் கேட்பது ஒன்றே: புதிய இசைக்கான வாயிலையும் பழைய சினிமாக் குடும்பங்களேதான் திறக்கவேண்டுமா?

பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் வைத்துப் பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் பாடியது நமது வன்னி. கோவலன் கூத்தை ஆடியது முல்லைத்தீவு. இவற்றுக்குப் பட முதலாளி எவரும் தேவைப்படவில்லை. உண்மையிற் சுயாதீனமான இசை இதுவன்றோ? ஆயினும் அப்பெயரை இதற்கு எவரும் சூட்டவில்லை. விற்பனைக்கு வராத குரலைச் சந்தை அறியாது.

துணுக்காயின் ஆசிரியர்களே, மாணவர்களே! ஒலிப்பதிவுக் கருவி இன்று உங்கள் சட்டைப்பையிலேயே கைத்தொலைபேசியாக இருக்கிறது. பாடவல்ல முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் செல்லுங்கள். பாட்டைப் பதியுங்கள், கற்றுப் பாடுங்கள், அதன்மேல் உங்கள் புதிய மெட்டை எழுப்புங்கள்.