கேடயத்தோடு ஆரம்பித்தால் கேவலமா?



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டை சொத்துக்காகவும் இல்லை, கல்யாணத்துக்காகவும் இல்லை. ஒரு வீடியோ கேமுக்காக. ரிட்டயர்ட் ஆன கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கல்லூரியில் முதல் வருசம் முடித்து லீவுக்குக் கழுகுமலை வந்திருக்கிறாள் என் பேத்தி. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஆடுகிறார்கள் என்று எல்டன் ரிங் என்ற விளையாட்டை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது, 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. கஷ்டமான ஆட்டங்களுக்கே பேர்போன நிறுவனம். ஆட்டம் தொடங்கும் முன்னால் பத்து விதமான ஆட்களைக் காட்டி, நீ இதில் யாராக வரப் போகிறாய் என்று கேட்கிறது. அதற்குப் பெயர் கிளாஸ். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பழக்கதோசம்.

எதை எடுக்கலாம் என்று அவள் குழுவில் கேட்டாள். சென்னையில் இருக்கும் என் தங்கை மகன் உடனே பதில் போட்டான். "ரெட்ச் எடு பாப்பா. மத்ததெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு." ரெட்ச் என்றால் கதியற்றவன் என்று அர்த்தம். இடுப்பில் ஒரு துணி, கையில் ஒரு தடி. அவ்வளவுதான் அவன் சொத்து. ஈசியாக ஆரம்பித்தால் ஆட்டத்தின் அருமை தெரியாது என்று இன்னொருவன். அதற்கு ஏழெட்டுக் கட்டைவிரல்கள்.

பிள்ளை அதை நம்பி ரெட்ச் எடுத்தாள். வெளியே வந்த கொஞ்ச தூரத்திலேயே தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் ஒருவன் நிற்கிறான். ட்ரீ சென்டினல் என்று பெயர். இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க அவனிடம் செத்துச் செத்துப் பிழைத்தாள். மூன்றாம் நாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றாள்.

வேலை பார்த்த காலம் முழுக்க வகுப்பறையில் நான் பயந்த வாக்கியம் அது. கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையைத் திருத்திவிடலாம். "எனக்கு வராது" என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையை மீட்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். ஆகவே, அந்த ஏழெட்டுக் கட்டைவிரல்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் உயிர்பலம், மனசு, தாக்குப்பிடித்தல், வலு, லாவகம், அறிவு, நம்பிக்கை, மாயம் என்று எட்டு இனங்களில் மார்க் உண்டு. கூடவே, எந்த லெவலில் தொடங்குகிறான் என்று ஒரு எண்ணும் உண்டு. பேத்தியிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன்.

வேகபாண்ட் என்ற நாடோடி வீரன்: 15, 10, 11, 14, 13, 9, 9, 7. கூட்டினால் 88. அவன் லெவல் 9. கழித்தால் 79.
சாமுராய்: மொத்தம் 88, லெவல் 9. மிச்சம் 79.
அஸ்ட்ராலஜர்: மொத்தம் 85, லெவல் 6. மிச்சம் 79.
ஹீரோ: மொத்தம் 86, லெவல் 7. மிச்சம் 79.
ரெட்ச்: எட்டு இனத்திலும் பத்துப் பத்து, மொத்தம் 80, லெவல் 1. மிச்சம் 79.

மீதி ஐந்தையும் போட்டுப் பாருங்கள். பத்துக்கும் 79தான். ஒரு லெவல் ஏறினால் ஒரு மார்க் என்பதுதான் சட்டம். அதில் எவனுக்கும் சலுகை கிடையாது. ரெட்ச் ஒன்பதாவது லெவலுக்கு வந்தால் அவனுக்கும் 88தான். சின்னப் பிள்ளைகளுக்கான கிளாஸ் என்று நீங்கள் கேலி செய்கிற வேகபாண்டுக்கு யாரும் கிரேஸ் மார்க் போடவில்லை. புதிதாக வருகிறவனுக்கு எது முதலில் தேவையோ அதில் அவன் மார்க்கை வைத்திருக்கிறார்கள். உயிர்பலத்தில் 15. கையில் வாள், ஈட்டி போல ஒரு நீள ஆயுதம், கூடவே ஒரு கேடயம். சாதாரண வாள்வீச்சை முழுசாகத் தடுக்கிற கேடயம்.

அப்படியானால் ரெட்ச் யாருக்கு? எந்த மார்க்கை எங்கே ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்கு. அது வெள்ளைத்தாள். பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவனுக்கு வெள்ளைத்தாள் வசதி. பாடமே நடத்தாத பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, எழுது பார்க்கலாம் என்றால் அது என்ன வீரம்? என் மருமகன் இந்த ஆட்டத்தை மூன்று தடவை முடித்தவன். அவன் சொன்னது அவனுக்குச் சரி. கேட்டது அவன் இல்லையே!

கஷ்டப்படாமல் எப்படிக் கற்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேகபாண்ட் எடுத்ததால் எதிரி இளகிவிடுவதில்லை. இந்த விளையாட்டில் ஈசி, ஹார்டு என்று மாற்றுகிற வசதியே கிடையாது. அதே குதிரைக்காரன்தான், அதே அடிதான். ஒரே வித்தியாசம், அடி வாங்கிய பிறகு ஏன் விழுந்தது என்று பார்க்க ஆளுக்கு உயிர் மிச்சம் இருக்கும். செத்துக்கொண்டே இருக்கிறவன் சாகத்தான் கற்றுக்கொள்வான். கேடயம் தூக்கி நிற்கிறவனுக்கு எதிரி எப்போது கையை ஓங்குகிறான், எப்போது மூச்சு வாங்குகிறான் என்று பார்க்க முடியும். அதுதானே பாடம்?

நம் கரிசல்காட்டில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. மானாவாரி நிலத்தைப் புதிதாகக் கையில் எடுக்கிறவனிடம், கடன் வாங்கிக் காடு முழுக்க மிளகாய் போடு என்று எந்தச் சம்சாரியாவது சொல்வாரா? முதலில் உளுந்தோ பாசியோ கம்போ போடு, நிலத்தின் குணத்தைப் பார் என்பார்கள். உளுந்து விதைத்தவனைக் கோழை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பெங்களூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன், "சார், அஸ்ட்ராலஜர்தான் ஈசி, தூரத்துல நின்னே அடிச்சிரலாம்" என்று எழுதியிருந்தான். அவன் சொல்வதில் உண்மை உண்டு. அறிவு 16, மனசு 15. ஆனால் தம்பி, உயிர்பலம் 9, வலு 8 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? எதிரி தூரத்தில் இருக்கும் வரை நீ ராஜா. பக்கத்தில் வந்துவிட்டால்? பொறுமையாக இடம் பார்த்து நிற்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். பதறுகிற பிள்ளைக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் முதலில் வேகபாண்ட், அடுத்தது வில்லும் வாளும் வைத்திருக்கிற சாமுராய்.

இன்னொன்று. இந்தத் தேர்வு ஆயுள் தண்டனை இல்லை. மார்க் ஏற்றிக்கொண்டால் வேகபாண்டும் மந்திரம் போடலாம், அஸ்ட்ராலஜரும் பெரிய வாள் தூக்கலாம். பாதி ஆட்டத்தில் ரென்னாலா என்ற ராணியை வென்றுவிட்டால், அதற்கான பொருளைக் கொடுத்து மார்க்குகளைத் திரும்பப் பங்கிட்டுக்கொள்ளலாம். தொடங்கிய அளவுக்குக் கீழே மட்டும் இறக்க முடியாது. தப்பாக எடுத்துவிட்டாலும் திரும்பி வர வழி வைத்திருக்கிறார்கள்.

நான் அந்த வழியை வைக்கவில்லை. இனி சொல்லப் போவது விளையாட்டு இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் பிரிக்கிற பொறுப்பு சில வருசம் என்னிடம் இருந்தது. கணக்கில் நல்ல மார்க் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃபர்ஸ்ட் குரூப்தான். ஒரு பையன் வந்து, "சார், எனக்கு அக்கவுண்டன்சி போதும் சார்" என்றான். அப்பா அம்மா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, டியூசனுக்குக் காசில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஆம்பளப் பிள்ளை கஷ்டத்துக்குப் பயப்படலாமாலே? முட்டி மோதி மேல வா" என்று கையெழுத்துப் போட்டேன். பொங்கலுக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. தேடிப் போனபோது அவனும் அந்த வாக்கியத்தைத்தான் சொன்னான். "எனக்கு வராது சார்."

விளையாட்டில் பத்துப் பேருக்கும் 79. வாழ்க்கையில் அப்படி இல்லை. சிலர் இடுப்புத் துணியோடும் தடியோடும்தான் பிறக்கிறார்கள். ஆசைக்கு ரெட்ச் எடுத்து ஆடுகிறவன் பெருமை பேசலாம். ரெட்ச்சாகவே பிறந்தவனிடம் போய், கேடயம் வேண்டாம், அதுதான் உனக்கு நல்லது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? அவனுக்கு அக்கவுண்டன்சி ஒரு கேடயம். பிடுங்கிக்கொண்டது நான்.

அவன் இந்தப் பதிவையும் படிப்பான். என் பதிவு ஒன்று விடாமல் லைக் போடுகிறவன். தம்பி, உனக்கு வராமல் போகவில்லை. நான் தப்பாக உட்கார வைத்தேன்.

நம் மலையில் வெட்டுவான் கோயிலைப் பார்த்திருக்கிறீர்கள். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கொத்திக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட கோயில். கல்லில் ஒரு சில்லு தப்பாகப் பெயர்ந்தால் ஒட்ட வைக்க முடியாது. அதைக் கொத்தியவனை, தகப்பன் சிற்பியே பொறாமையில் கொன்றான் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் மூத்தவனின் பெருமைக்கு இளையவன் பலியாகிற கதையை நம் ஊர் ஏன் இத்தனை காலம் மறக்காமல் வைத்திருக்கிறது என்று யோசிக்கிறேன். அதே மலையில் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வேறொன்றும் இருக்கிறது. ஆசிரியர்கள் பெயர், குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் பெயர், கூடவே மாணாக்கர் பெயர். மாணவனைக் கூடவே எழுதி வைத்த ஊர் இது.

பேத்தி இப்போது வேகபாண்டாக மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். அந்தக் குதிரைக்காரனோடு சண்டை போட்டே தீர வேண்டும் என்று சட்டமில்லை, சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்து மார்கிட் என்று ஒருவன் கோட்டை வாசலில் நிற்கிறான். நேற்று ராத்திரி பதினோரு மணி வரை அவனிடம் அடி வாங்கினாள். தூங்கப் போ என்றால், "இன்னும் ஒருக்கா தாத்தா" என்கிறாள்.

யாராவது புதிதாக வந்து எதை எடுக்கலாம் என்று உங்களிடம் கேட்டால், நீங்கள் எதை எடுத்தீர்கள் என்பதை உடனே சொல்லாதீர்கள். முதலில் அவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள். மருமகனே, உனக்கும்தான். கோபமில்லை, தீபாவளிக்கு வா.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்