பத்துக் கட்டளைகளும் ஒற்றைக் கட்டிலும்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மனநல வாரம் என்றொன்று ஆண்டுதோறும் வந்துபோகிறது. அது வரும்போது விடுதியின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு சுவரொட்டியும் வந்து சேர்கிறது. நல்ல உறக்கத்திற்குப் பத்துக் கட்டளைகள்: தினமும் ஒரே நேரத்தில் படுக்கவும், மாலைக்குப் பின் தேநீர் தவிர்க்கவும், படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுசெல்ல வேண்டாம், இரவு உணவை முன்னதாக முடிக்கவும், அறை இருளாகவும் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருக்கட்டும், கட்டிலை உறங்க மட்டும் பயன்படுத்தவும். வாரம் முடிந்ததும் ஆலோசகர் விடைபெறுகிறார். சுவரொட்டி மட்டும் அடுத்த ஆண்டுவரை அங்கேயே வெளுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுவரொட்டியை ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் வாழும் அறைக்குள் நின்று படித்துப் பார்க்க வேண்டும். இருவருக்கென்று கட்டி மூவருக்கு ஒதுக்கிய அறை. மே மாதத்தில் நள்ளிரவிலும் வெப்பத்தை உமிழும் மேல்தளத்துக் கான்கிரீட் கூரை. சன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். கட்டில் அங்கே நாற்காலியும் மேசையும் உணவு மேடையும் இணையவழி நேர்காணல் அரங்கமுமாக இருக்கிறது. கட்டிலை உறக்கத்திற்கு மட்டும் ஒதுக்கும் அறிவுரை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் வகுத்த முறையிலிருந்து வந்தது. உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறோர் அறைக்குச் சென்று, கண் சொருகும்போது திரும்ப வேண்டும் என்பது அதன் மற்றொரு பாதி. உறக்கமின்மைச் சிகிச்சையில் பயன் நிறுவப்பட்ட நல்ல முறைதான். ஆனால் அது வேறோர் அறை உண்டு என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. விடுதி ஆய்வாளருக்கு அந்த வேறோர் அறை, ஒளிரும் குழல்விளக்கின்கீழ் நீளும் நடைபாதை.

அறிவுரைகள் பொய்யல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். தேநீரையே எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் சேர்கிறது. அதுவே உறக்கத்திற்கான அழுத்தமாக உணரப்படுகிறது. காஃபீன் அந்த அடினோசின் பொருந்தும் ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. களைப்பின் செய்தி மட்டும் தடுக்கப்படுகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தாலும் உறக்கம் ஒரு மணி நேரத்திற்குமேல் குறைகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே நான்கு மணிக்குத் துறை வாசலில் குடிக்கும் ஒரு கோப்பைக்காக எவரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. இரவு ஏழுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றரைக்கு வாயில் கடையில் நின்றபடி இரண்டு என்று எண்ணிக்கை ஏறும்போதுதான் கணக்கு மாறுகிறது. அந்தப் பதினொன்றரை மணித் தேநீர் ஏன் குடிக்கப்படுகிறது? கருவி நேரம் இரவு ஒரு மணிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த வினாவைச் சுவரொட்டி எழுப்புவதில்லை.

கைப்பேசியைப் பற்றிய அச்சுறுத்தலில் மிகை அதிகம். நீல ஒளி மெலடோனினை ஒடுக்கி உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது இன்று பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த வாசகமாகிவிட்டது. விழித்திரையில் நீல ஒளிக்குக் கூர்மையாக எதிர்வினையாற்றும் தனிவகை நரம்புச் செல்கள் இருப்பது உண்மை. ஆனால் விளைவின் அளவு என்ன? 2015இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வில், படுப்பதற்கு முன் ஏறத்தாழ நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில், மங்கலான அறையில் மின்னூல் படித்தவர்கள் அச்சுநூல் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாக உறங்கினர். பங்கேற்றோர் பன்னிருவர். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த மற்றோர் ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்தவர்களிடம் மாலையில் திரை பார்த்ததால் அத்தகைய விளைவே தெரியவில்லை. அதுவும் பதினான்கு பேரே கொண்ட சிறிய ஆய்வு. இதன்மேல் கோட்டை கட்ட முடியாது. எனினும் இரண்டையும் சேர்த்துப் படித்தவர் திரையின் நிறத்தைவிடத் திரையில் வருவதைப் பற்றியே அதிகம் கவலைப்படுவார். இரவு 11.20க்கு நெறியாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் "மூன்றாம் இயல் பார்த்தேன், நாளை காலை பேச வேண்டும்" என்ற ஒற்றை வரியை மஞ்சள் வடிகட்டி போட்டுப் படித்தாலும் அது உறங்கவிடாது.

உப்சாலா ஆய்வின் மறைபொருள் பகலைப் பற்றியது. உறக்கத்தை ஆளும் இரண்டு விசைகளை அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் ஒரே மாதிரியில் இணைத்தார். ஒன்று, விழித்திருக்கும் நேரத்தோடு ஏறும் அழுத்தம். மற்றொன்று, உடலின் உட்கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்திய ஊடகங்கள் அதைத் தொலைதூரச் செய்தியாக எழுதின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் பல ஆண்டுகளுக்கு முன்பே குகை வௌவால்களின் நாளொழுங்கை ஆராய்ந்ததும், கடிகாரமோ வெயிலோ எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களின் உள்நேரத்தை அளந்ததும் நினைவுகூரப்பட்டது குறைவே. மனிதரின் உட்கடிகாரம் தன்போக்கில் விட்டால் பெரும்பாலோருக்கு 24 மணியைவிடச் சற்று நீள்கிறது. காலை ஒளி அதை நாள்தோறும் பின்னிழுத்துச் சரிசெய்கிறது. மேகமூட்டமான நாளிலும் வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி உண்டு. சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. சன்னலற்ற ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் காலை ஒன்பதுக்கு இறங்கி இரவு ஒன்பதுக்கு ஏறும் ஆய்வாளரின் உடலுக்குப் பகல் என்ற ஒன்று வந்ததாகவே தெரிவதில்லை. அவருடைய இரவு தள்ளிப்போவதை 'ஒழுங்கின்மை' என்று எழுதுகிறார்கள்.

நேரம் என்பதே இந்நாட்டில் ஓர் ஆட்சி முடிவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிர்சாப்பூர் வழிச் செல்லும் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் வகுக்கப்பட்டிருக்கிறது. அருணாசலத்திற்கும் குஜராத்திற்கும் இடையே கதிரவன் உதயத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி முந்திய 'தோட்ட நேரத்தை' வைத்துக்கொண்டு தம் வழியில் இதைத் தீர்த்துக்கொண்டன. சூரியன் ஒரு மணி தாமதமாக மறையும் இடங்களில் இந்தியக் குழந்தைகளின் உறக்கம் ஏறத்தாழ அரை மணி குறைகிறது என்று பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி காட்டியிருக்கிறார். திப்ருகருக்கும் புஜ்ஜுக்கும் ஒரே "பத்து மணிக்குப் படுங்கள்" சுவரொட்டி போகிறது.

இனி இந்த விவாதத்தின் மையச் சான்று. அது சென்னையிலிருந்து வருகிறது. குறைந்த வருவாயுள்ள பணியாளர்களைக் கொண்டு ஐந்து பொருளியலாளர்கள் நடத்திய களச்சோதனை 2021இல் வெளியானது. பங்கேற்றோர் இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தனர். உறங்கியதோ ஐந்தரை மணி நேர அளவே. அவர்கள் சோம்பலாகக் கைப்பேசியில் மேய்ந்துகொண்டிருக்கவில்லை. படுத்தார்கள், உறக்கம் துண்டுதுண்டானது. அறிவுரை கொடுத்தும், ஊக்கப்படுத்தியும், கண்மூடியும் காதடைப்பானும் மின்விசிறியும் மெத்தையும் போன்ற வசதிகள் செய்தும் பார்த்ததில் கூடுதலாகக் கிடைத்தது இரவுக்கு 27 நிமிடம். அதுவும் பெரும்பாலும் படுக்கையில் இன்னும் அதிக நேரம் கிடந்ததால் வந்தது. அந்த 27 நிமிடத்தால் வேலைத்திறனிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆனால் பணியிடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் பகலில் அரை மணி உறங்க விட்டபோது வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. உறங்கிய அரை மணி நேரம் உழைப்பு நேரத்திலிருந்து கழிந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

தரவுப் பதிவாளர்களைப் பற்றிய முடிவை ஆய்வு மாணவர்மேல் அப்படியே ஏற்றக்கூடாது என்பார்கள். சரி. ஆனால் கட்டிலில் கிடக்கும் நேரமும் உறங்கும் நேரமும் ஒன்றல்ல என்பதும், சூழலை ஆளாமல் பழக்கத்தை மட்டும் திருத்துவதில் கிடைக்கும் பலன் சிறிது என்பதும் அந்தச் சோதனையின் எல்லையோடு நின்றுவிடும் உண்மைகளல்ல. மருத்துவமும் இதையே சொல்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட உறக்கமின்மைக்கு 'உறக்கச் சுகாதார' அறிவுரையை மட்டும் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பல கூறுகள் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையையே வலுவாகப் பரிந்துரைக்கிறது. அந்தச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பல வாரங்கள் வேண்டும். சுவரொட்டிக்கு அச்சுக்கூலி போதும். நிறுவனங்கள் எதைத் தேர்ந்தன என்பதில் வியப்பில்லை.

ஆய்வாளர் சமூகத்தின் சொந்தப் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. உறங்காமையைப் பதக்கம்போல் அணிந்துகொள்ளும் வழக்கம் அங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. "மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்பது உணவுக்கூடத்தில் சொல்லப்படுவது புலம்பலாக அன்று, சற்றே பெருமிதத்தோடு. 2003இல் வெளியான வான் டோங்கன் குழுவின் ஆய்வு இந்தப் பெருமிதத்திற்கு எதிரான கடுஞ்சான்று. இரவுக்கு ஆறு மணி நேரமே இரு வாரம் உறங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் அடியோடு உறங்காதவர்களின் நிலைக்குச் சரிந்தது. அதைவிடக் கவலைக்குரியது, தாம் இவ்வளவு சரிந்துவிட்டோம் என்பதை அவர்கள் உணரவில்லை. அளவிடும் கருவியே பழுதான பின் அதன் அளவீட்டை நம்பி, "எனக்கு ஐந்து மணி நேரம் போதும்" என்று சொல்லும் ஆய்வாளர் தன் துறையில் அப்படியொரு தரவைக் கொண்டுவந்தால் கருத்தரங்கில் கிழிபடுவார். ஞாயிறு நண்பகல்வரை உறங்கிக் கடனைத் தீர்ப்பதும் திங்கள் இரவைத் தள்ளிப்போடவே உதவுகிறது.

ஆயினும் இந்த வழக்கத்தை யார் வளர்த்தார்கள்? கட்டுரை ஒப்படைப்பு இணையதளம் இரவு 11.59க்கு மூடுகிறது, மாலை ஐந்துக்கு மூடினால் எந்த அறிவியலும் அழிந்துவிடாது. பொதுக் கருவிகளின் பகல் நேரம் மூத்தவர்களுக்கும் செல்வாக்குள்ள ஆய்வுக்கூடங்களுக்கும் போய்விட, முதலாண்டு மாணவருக்கு நள்ளிரவு எஞ்சுகிறது. பேராசிரியர் பகலில் நிர்வாகக் கூட்டங்களில் இருந்துவிட்டு, ஆய்வுக்குழுக் கூட்டத்தை இரவு ஒன்பதரைக்கு வைக்கிறார். அவர்மேலும் ஒரு நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மையே, ஆனால் அவருக்கு நிரந்தரப் பணி இருக்கிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது இரவில் இணையவழிப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் "ஒரே நேரத்தில் படுக்கவும்" என்று சொல்வது கேலியாகவே ஒலிக்கிறது.

உறக்கம் தனிமனித ஒழுக்கத்தின் செய்தி மட்டுமன்று என்பதை இந்நாட்டுச் சட்டமே ஏற்றிருக்கிறது. ராம்லீலா மைதான நிகழ்வு பற்றிய 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உறக்கத்தை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியாகக் கண்டது. ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலை எல்லையாக வைக்கின்றன. பணி நேரத்திற்குப் பின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமைக்கான தனிநபர் மசோதா ஒன்று 2018இல் மக்களவையில் அறிமுகமானது, சட்டமாகவில்லை. அப்படியொன்று சட்டமானாலும் ஆய்வு மாணவர் பணியாளரா மாணவரா என்ற பழைய வழக்கு அங்கும் முளைக்கும். உரிமை கேட்கும்போது மாணவர், உழைப்பு வேண்டும்போது பணியாளர் என்பதே இதுவரை நடந்துவந்த தீர்ப்பு.

மனநல வாரத்தை நடத்தும் குழுக்கள் அடுத்த முறை சுவரொட்டிக்கு முன் சில காரியங்களைச் செய்யலாம். ஒப்படைப்பு நேரங்களை அலுவல் நேரத்திற்குள் கொண்டுவரலாம். இரவு எட்டுக்குப் பின் குழுக் கூட்டமோ செய்தியோ கூடாது என்று துறைவாரியாக எழுத்தில் விதி வகுக்கலாம். கருவி ஒதுக்கீட்டில் இரவு நேரம் சுழற்சி முறையில் எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் விழச் செய்யலாம். சன்னலுக்கு வலை, கூரைக்கு வெப்பத்தைத் திருப்பும் வெண்பூச்சு, நூலகத்தில் பகலில் அரை மணி சாய்ந்துகொள்ள ஒரு மூலை ஆகியவற்றின் செலவு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் விருந்துச் செலவைத் தாண்டாது. விருந்துக் கணக்கு பல்கலைக்கழக நிதி அலுவலகத்தில்தான் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி எவரும் கேட்டுப் பார்க்கலாம்.