கவுன்சலிங் யாருக்கு... சிறுமிக்கா, சூழலுக்கா?

சைக்காலஜி மாணவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் வருடம் 1879. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கிய வருடம். அன்றிலிருந்து இந்தப் பாடத்தின் கதாநாயகன் தனிமனிதன்தான். அவன் நினைவாற்றல், அவன் பயம், அவன் புத்திக்கூர்மை. அவன் ஊர், சாதி, கூலி எல்லாம் வெறும் அடிக்குறிப்பு!

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் சேர்வராயன் மலைக்கு ஒரு முறை போய் வரலாம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுற்றுலா வருபவர்களுக்கு ஏரியும் படகும் தெரியும். நூறு வருடத்தைத் தாண்டிய கான்வென்ட் பள்ளிகளும் தெரியும். உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில் வாழும் மலையாளிகளைத் தெரியாது. (இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் பழங்குடியினர்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி எஸ்டேட்டுகள் மலையேறி வந்தன. இன்று மலையாளிகளில் பலர் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு மலையாளிச் சிறுமி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான உளவியல் என்ன செய்யும்? ஒரு டெஸ்ட் வைக்கும். 'ஊக்கம் குறைவு, தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதும். கவுன்சலிங்குக்கு அனுப்பும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் தம்பியை யார் பார்த்துக்கொள்வது? பள்ளியில் அவள் பேச்சைக் கேட்டு யார் சிரித்தார்கள்? இதையெல்லாம் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு 'பாதிக்கப்பட்டவரையே குற்றம் சொல்வது' என்று 1971-ல் பெயர் வைத்தவர் வில்லியம் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர். அதற்கு முன்பே, 1965-ல், மாசசூசெட்ஸின் ஸ்வாம்ப்ஸ்காட் என்ற ஊரில் சில உளவியலாளர்கள் கூடினார்கள். நோய் வந்தபின் ஒவ்வொருவராக வைத்தியம் பார்த்துத் தீராது, நோயைத் தரும் சூழலை மாற்ற வேண்டும், அதை அங்கே வாழும் மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருவெடுத்தது. அதுதான் சமுதாய உளவியல். குழு நடத்தையை ஆராயும் சமூக உளவியல் வேறு, இது வேறு.

ஆக, இதுவும் மேற்கில் பிறந்ததுதான். 'மேற்கு கெட்டது, நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள்' என்று கிளம்புபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். மேற்கத்தியர் என்பதற்காக யாரும் குற்றவாளி ஆகிவிடவில்லை. உலக மக்களில் சுமார் 12 சதவீதமே வாழும் நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, அதையே மனித மனம் என்று சொன்னதுதான் குற்றம். முக்கிய ஆய்விதழ்களில் சோதிக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் அந்த நாட்டினர் என்று 2010-ல் ஹென்ரிக் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள்.

இங்கே மாற்று வழியே இல்லையா? இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோடு குடும்பத்தினரையும் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தைக் கூடவே தங்கச் செய்யும் முறையைப் பின்பற்றியது. பல பாடப்புத்தகங்களில் ஃபிராய்டுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. வித்யா சாகருக்கு ஒரு பத்தியாவது உண்டா?

அதற்காக சமுதாயம் என்றாலே புனிதம் என்றும் நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அப்படிப்பட்ட விடுதிகளில் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டவர்களில் குடும்பத்தாரும் உண்டு. ஊர் கூடி முடிவெடுக்கிறது என்றால், அந்தக் கூட்டத்தில் பெண்களுக்குப் பேச இடம் இருக்கிறதா என்றும் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் சமுதாய உளவியல் வெறும் ஊர்ப் பஞ்சாயத்துதான்.

மருந்து வேண்டாம், கவுன்சலிங் வேண்டாம் என்பதல்ல வாதம். உடைந்து போயிருக்கும் சிறுமியிடம் பரிவோடு பேச ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த ஆள் அவளுடைய தன்னம்பிக்கைக்கு மார்க் போடும் முன், அவளோடு பஸ் ஏறி அவள் ஊர் வரை போய்ப் பார்க்கட்டும். பஸ் இல்லையென்றால் நடக்கட்டும். அதுதான் முதல் டெஸ்ட். எழுத வேண்டியது சிறுமி அல்ல, உளவியலாளர்!