கைகளை எண்ணாமல் சட்டம் நிறைவேறுமா?

கேள்வி: எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கப் பேரவையில் ஒரு தீர்மானத்துக்கு ஆட்சேபம் வந்தால், கை தூக்கச் சொல்லி எண்ணித்தான் முடிவு எழுதுவார்கள். 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்கள் மாநிலங்களவையில் ஓட்டு எண்ணாமலே நிறைவேறியதாகச் சொல்கிறார்கள். அது எப்படி முடியும்? விதி என்ன சொல்கிறது?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: முடியும். நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. அவைத் தலைவர் ‘ஆதரிப்பவர்கள் ஆம் என்க, எதிர்ப்பவர்கள் இல்லை என்க’ என்று கேட்பார். எந்தச் சத்தம் கூடுதல் என்று அவர் காதுக்குப் படுகிறதோ, அதை முடிவாக அறிவிப்பார். யாரும் மறுக்காவிட்டால் கதை அதோடு முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்ற பெயர்க் கணக்கு எங்கும் பதிவாகாது.

வாசகர் சொல்லும் சிக்கல் யாராவது மறுக்கும்போதுதான் வருகிறது. அவைத் தலைவரின் முடிவை ஓர் உறுப்பினர் மறுத்தால், எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணலாம். அல்லது பிரிவு வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். மணி அடிக்கும், வெளியில் இருப்பவர்கள் உள்ளே வருவார்கள், கதவுகள் சாத்தப்படும், உறுப்பினர்கள் பொத்தானை அழுத்தியோ சீட்டில் எழுதியோ வாக்களிப்பார்கள். மாநிலங்களவை நடைமுறை விதிகளில் 252-ஆவது விதி இதற்கானது. ‘வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை’ என்று அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவு சொல்வதைச் சரிபார்க்க, எண்ணிப் பார்ப்பதை விட்டால் வேறு வழி இல்லை.

அப்படியானால் 2020 செப்டம்பர் 20 அன்று என்ன நடந்தது?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொரோனா காலம் என்பதால் உறுப்பினர்கள் ஒரே மண்டபத்தில் இல்லை. மாநிலங்களவை மண்டபம், அதன் மாடங்கள், மக்களவை மண்டபம் என்று பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது. விளைபொருள் வணிக மசோதா, ஒப்பந்தச் சாகுபடி தொடர்பான மசோதா ஆகிய இரண்டும் ஒன்றாக விவாதத்துக்கு வந்தன. இரண்டும் ஜூன் 5 அன்றே அவசரச் சட்டங்களாக வந்துவிட்டவை. மக்களவையில் மூன்று நாள் முன்பு நிறைவேறியவை.

அவையின் நேரம் பகல் 1 மணி வரை. அமைச்சர் நரேந்திர சிங் தோமர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி ஒன்றைத் தொட்டது. மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், கருத்தொற்றுமை இல்லாமல் நேரத்தை நீட்டிக்கக் கூடாது என்றார் எதிர்க்கட்சித் தலைவர் குலாம் நபி ஆசாத். அவையை நடத்திய துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நேரத்தை நீட்டித்து, தொடர்ந்து நடத்தினார். மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். அந்தத் தீர்மானங்களுக்குப் பிரிவு வாக்கெடுப்பு கேட்டார்கள். அவை குரல் வாக்கெடுப்பில் தோற்றதாக அறிவிக்கப்பட்டன. உறுப்பினர்கள் அவையின் மையப் பகுதிக்குப் பாய்ந்தார்கள், விதிப் புத்தகம் துணைத் தலைவர் முகத்துக்கு எதிரே நீண்டது, மைக் பிடுங்கப்பட்டது, தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒலி நின்றது. அவை ஒத்திவைக்கப்பட்டு, மீண்டும் கூடி, கூச்சலுக்கு நடுவிலேயே இரண்டு மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

இரு தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. பிரிவு கேட்கும் உறுப்பினர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அவையும் ஒழுங்காக இருக்க வேண்டும், இரண்டும் அப்போது இல்லை என்பது ஹரிவன்ஷ் தரப்பு. இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்பது எதிர்க்கட்சித் தரப்பு. சில நாள் கழித்து ஆங்கில நாளிதழ் ஒன்று அவையின் ஒளிப்பதிவைப் பார்த்து, சிவா இருக்கையில் நின்று கேட்டது தெரிகிறது என்று எழுதியது. அதற்கும் துணைத் தலைவர் தன் விளக்கத்தை வெளியிட்டார்.

வாதம் எப்படிப் போனாலும் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. அவையில் கூச்சல் இருந்தால் பிரிவு எடுக்க முடியாது என்கிறார்கள். ஆனால் அதே கூச்சலில் குரல் வாக்கெடுப்பு மட்டும் எடுக்க முடிந்திருக்கிறது. ஆம் எது, இல்லை எது என்று காதால் பிரித்தறிய அமைதி இன்னும் அதிகம் வேண்டும் அல்லவா? நெல்லைத் தூற்றக் காற்று சரியில்லை என்றால், அதே காற்றில் தூற்றாமலே எடை போட்டுவிடலாம் என்று எந்தக் களத்திலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எண்ணியிருந்தாலும் ஆளும் தரப்பு வென்றிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மாநிலங்களவையில் அப்போது ஆளும் கூட்டணிக்குத் தனியே பெரும்பான்மை உறுதி இல்லை. மற்ற கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. கூட்டணியிலேயே இருந்த அகாலி தளம் மசோதாவை எதிர்த்தது. அதன் அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல் செப்டம்பர் 17 அன்றே பதவி விலகிவிட்டார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அதிமுக மசோதாக்களை ஆதரித்த கட்சி. ஆனால் அதன் உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் மாநிலங்களவையில் அவற்றை விமர்சித்தே பேசினார். பிரிவு வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் ஆம், யார் இல்லை, யார் வரவேயில்லை என்று பெயர் பெயராகப் பதிவாகியிருக்கும். திருவாரூரில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம். இன்று அப்படி ஒரு தாள் இல்லை. பிரிவு வாக்கெடுப்பு என்பது வெற்றி தோல்விக்கு மட்டும் நடப்பது இல்லை.

இதை நீதிமன்றத்தில் கேட்க முடியாதா என்றும் வாசகர்கள் கேட்கக்கூடும். நடைமுறையில் ஒழுங்கீனம் நடந்தது என்ற காரணத்துக்காக நாடாளுமன்ற நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்து ஒரு குழுவை அமைத்ததே தவிர, அன்றைய வாக்கெடுப்பை அளந்து தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே அவைக்குள் நடக்கும் தவறை அவைக்குள்ளேயே தடுத்தால்தான் உண்டு.

தடுக்கப் போனவர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் எட்டு உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முடியும் வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் தீர்மானமும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. துணைத் தலைவரை நீக்கக் கோரிய தீர்மானம் 14 நாள் முன்னறிவிப்பு இல்லை என்று தள்ளப்பட்டது. நீக்கப்பட்டவர்கள் இரவு முழுக்கக் காந்தி சிலை அருகே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஹரிவன்ஷ் அவர்களுக்குத் தேநீர் எடுத்துப் போனார். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன.

அதற்கு விவசாயி கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 22 அன்று, எதிர் இருக்கைகள் காலியாகக் கிடந்த அவையில், மூன்றாவது மசோதாவான அத்தியாவசியப் பொருட்கள் திருத்தம் நிறைவேறியது. தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வியாபாரிகள் எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதா அது. உளுந்து விளைவிக்கிறவருக்கும் வெங்காயம் போடுகிறவருக்கும் மூன்றில் இதுதான் நேரடியாகத் தொடுவது. அன்று ஒரே நாளில் ஏழு மசோதாக்கள் போயின. மைக்கைப் பிடுங்கியதில் கோபம் தீர்ந்திருக்கலாம். எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது.

பேசும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்யும். அந்த நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படும். முறைப்பாசனத்தில் ஏக்கருக்கு இத்தனை நிமிடம் என்று மடை திறப்பது போலத்தான். பெரிய கட்சிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் இடத்தில், ஓரிரு உறுப்பினர் கொண்ட கட்சிக்கு இரண்டு மூன்று நிமிடம். கடைமடைக்காரர் பேச எழுந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வேளாண்மை தெரிந்த உறுப்பினர் சிறிய கட்சியில் இருந்தால் அவருக்கும் இதே கதிதான்.

சட்டங்கள் போன விதத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு பாதியாக நிற்கும். 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நவம்பர் 29 அன்று ரத்து மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில் நிறைவேறியது. மக்களவையில் விவாதமே இல்லை. சில நிமிடங்களில் முடிந்தது. விவாதம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்கள் கேட்டது ரத்து மட்டும் இல்லை; குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதமும் கேட்டார்கள். விவாதம் நடந்திருந்தால் அதற்கு அமைச்சர் சொல்லும் பதில் அவைக் குறிப்பில் ஏறியிருக்கும். விவாதம் இல்லாமல் போனதை எதிர்க்கட்சிகள் அன்றே கண்டித்தன.

கேள்வி: அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதை எங்கள் எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் கேட்க வைக்க வழி உண்டா?
(இன்னொரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: உண்டு. ஆனால் எந்த அமைச்சகத்துக்கு என்பதில்தான் பல கேள்விகள் வீணாகின்றன. நேரடி கொள்முதல் நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்; சாக்கு இல்லை, ஆள் இல்லை என்ற புகாரை நாடாளுமன்றத்தில் கேட்டால் மாநில விஷயம் என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு எம்.எல்.ஏ.வைத்தான் பிடிக்க வேண்டும். ஈரப்பதத் தளர்வு கொடுப்பது மத்திய உணவு, பொது விநியோகத் துறை. கேள்வி அங்கே போக வேண்டும், வேளாண் அமைச்சகத்துக்கு அல்ல. யூரியா என்றால் ரசாயனம், உர அமைச்சகம். பயிர்க் காப்பீடு என்றால் வேளாண் அமைச்சகம்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு 20, மாநிலங்களவையில் 15 தான். குலுக்கலில் விழ வேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். வாய்ப்பு அதிகம், புள்ளிவிவரமும் அதில்தான் கிடைக்கும். கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பதால், தை அறுவடைக்கான கேள்வியை அறுவடை தொடங்கிய பின் எழுதிப் பயனில்லை. ஐப்பசியிலேயே எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து, குளிர்காலக் கூட்டத்தொடருக்குள் போகச் செய்ய வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாவட்டம், எத்தனை சதவீதத் தளர்வு கேட்கப்பட்டது, எத்தனை கொடுக்கப்பட்டது, உத்தரவு எந்தத் தேதியில் வந்தது என்று தனித்தனியாகக் கேட்டால் பதிலில் நழுவ இடமிருக்காது. பதில் வந்ததும் கேள்வி எண்ணையும் தேதியையும் எம்.பி. அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். அந்த எண் இருந்தால் நாடாளுமன்ற இணையதளத்தில் முழுப் பதிலையும் இறக்கி, ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.