புகையும் ஏழையின் பங்குதானா?

தென்காசிப் பக்கத்து மலைகளில் கோடை வந்தால் தீ வருகின்றது. தீ வந்தவுடன் அதற்கொரு காரணமும் வருகின்றது: "மூங்கிலும் மூங்கிலும் உரசிக்கொண்டன" என்பதாக. இதைப் போன்ற சௌகரியமான கதை வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. குற்றவாளி மூங்கிலாகிவிட்டால் விசாரணை ஏது? நஷ்டஈடு ஏது? நம் நாட்டுக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பாலானது மனிதர் கையால் உண்டாவதே என்று வனத்துறையாரே பல தடவை சொல்லியிருக்கின்றார்கள். இடி விழுந்து பற்றுவதும் உண்டு; அது சொற்பம். புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு, அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, தேனெடுக்கக் கொளுத்திய பந்தம், தோட்டத்துச் சருகுக்கு வைத்துக் கைமீறிய தீ ஆகிய இவைகளுக்குத்தான் மூங்கில் என்று பெயர்.

நிற்க. தீ யாருடையதாயினும் ஆகுக. புகை யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதே இன்று நாம் கேட்பது.

குற்றாலத்திற்கு இரண்டு காலங்கள் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழுகின்றது, அருவி கொட்டுகின்றது, பங்களாக்கள் திறக்கின்றன, கனவான்கள் வருகின்றார்கள், சர்க்காரும் சாரல் விழா நடத்துகின்றது. மாசி, பங்குனியில் அருவி வற்றிப் பாறையாய் நிற்கின்றது. பங்களாக் கதவுகளில் பூட்டுத் தொங்குகின்றது. மலை எரிவது பெரும்பாலும் இந்தப் பூட்டுத் தொங்கும் காலத்தில்தான். ஆகவே சீசனுக்கு வருகின்றவர் புகையைக் கண்டதில்லை. புகையைக் கண்டவருக்கோ சீசனில் கடை போடவும் சுமை தூக்கவும் எண்ணெய் தேய்க்கவுமே பொழுது சரியாயிருக்கின்றது.

"புகைக்கு ஏழை பணக்காரன் தெரியுமா? காற்று எல்லோருக்கும் பொதுவல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். காற்றுக்குத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் அது இறங்கும் இடத்தில் யாரைக் குடிவைத்திருக்கின்றோம் என்பது நமக்குத் தெரியுமே! பகலில் மலைச்சரிவு வெயிலால் சூடேறிக் காற்று மேலே போகும்போது புகையும் கூடப் போகின்றது. இரவில் சரிவு குளிர்கின்றது. குளிர்ந்து கனத்த காற்று ஓடைத்தண்ணீர் போலப் பள்ளத்தை நாடி இறங்குகின்றது. புகையையும் இழுத்துவந்து அடிவாரத்தில் தேக்கிவிடுகின்றது. அங்கே இருப்பவர்கள் வாசுதேவநல்லூரை அடுத்த தலையணைப் பக்கத்துப் பளியர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்டக் கூலிகள். கதவைச் சாத்தினால் புகை நின்றுவிடும் வீடுகளல்ல அவை. தீக்குப் பழி சொல்லும்போது மாத்திரம் பளியர் ஞாபகம் நமக்கு வருகின்றது. புகைக்கு மருந்து கொடுக்கும்போது வருவதில்லை.

இந்தப் புகை வெறும் கண்ணெரிச்சல் அல்ல. தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் அதில் இருக்கின்றன. அவை நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்த்துமாவையும் மாரடைப்பையும் கொண்டுவருகின்றன. கர்ப்பிணி சுவாசித்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்க ஏதுவாகின்றது. ஒரு நாள் புகையைவிட வருஷம் தவறாமல் உள்ளே போகும் புகையே பெரிய கேடு. பகலெல்லாம் பீடித்தூளில் உட்கார்ந்திருந்து, மாலையில் விறகடுப்பை ஊதி, இரவில் மலைப் புகையில் படுக்கும் பெண்ணின் நுரையீரல் இம்மூன்றையும் ஒரே பேரேட்டில்தான் எழுதிக்கொள்ளுகின்றது. சர்க்கார் பேரேட்டிலோ இம்மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பாரில்லை. (மழை வேண்டி யாகம் வளர்த்துப் புகைமேல் புகை போடும் பக்தர்களைப் பற்றி எழுத இங்கு இடமில்லை.)

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இத்துகளுக்கு விதித்த வருஷ சராசரி அளவு, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். இந்திய சர்க்கார் 2009-ல் வகுத்தது 40. இந்தியனுடைய நுரையீரல் என்ன, எட்டு மடங்கு தடித்த தோலால் தைத்ததா? அந்த 40-ஐயாவது காக்கவென்று 2019-ல் தேசிய சுத்தக் காற்றுத் திட்டம் வந்தது. அது நகரங்களின் ஜாபிதா. தூத்துக்குடியும் மதுரையும் அதில் உண்டு. மலையடிக் கிராமம் நகரமல்ல. ஆகவே அதன் காற்று திட்டத்தில் சேராது! தீயைக் காண ஆகாயத்தில் செயற்கைக்கோள் இருக்கின்றது; கண்டவுடன் வனத்துறையாரின் தொலைபேசிக்குச் செய்தி வருகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் குடியிருப்பில் இன்றிரவு புகை தேங்கும் என்று அது சொல்லுவதில்லை.

2018 மார்ச் 11-ல் தேனி ஜில்லா குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போன இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அத்துயரம் நமக்கும் உண்டு. உடனே விசாரணை வந்தது. அவ்வருஷத்திலேயே மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன. நகரத்தார் ஒரு நாள் செத்ததற்கு விதி பிறந்தது. அடிவாரத்தார் ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சாவதற்கு என்ன பிறந்தது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 2019-ல் ஒரு விதி செய்தது. காட்டுத்தீப் புகையால் காற்றின் மாசுக் குறியீடு 151-ஐ எட்டினால், வெளியில் வேலை செய்யும் கூலிக்குத் தகுந்த முகமூடியை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்பதே அது. அங்கும் வயலில் நிற்பவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைகளே. முகமூடியால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஆனால் கூலிக்காரனுக்கும் நுரையீரல் உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. இங்கோ, பச்சைக் குழையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கும் தற்காலிகக் காவலர்களுக்குத் தோளில் கிடக்கும் துண்டே முகமூடி.

தென்காசி 2019 நவம்பரில் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா அதிகாரிகளைக் கேட்கின்றோம்: தை மாதத்திலேயே தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையை அடிவாரத்தாருக்கே முழுக்கூலிக்குக் கொடுங்கள். தீயணைக்கப் போகிறவனுக்கு முகமூடியும், வருஷத்துக்கொரு தடவை நுரையீரல் பரிசோதனையும் கொடுங்கள். புகை இறங்கும் இரவுகளில் குழந்தைகளையும் நோயாளிகளையும் கொண்டுபோய் வைக்க, பள்ளிக்கூடத்தில் சன்னல் இறுகச் சாத்தும் ஓர் அறையையாவது செப்பனிடுங்கள். காற்றை அளக்கும் கருவியும் ஒன்று வையுங்கள். அதைக் குற்றாலத்துப் பங்களா மாடியில் வைத்துவிட்டுச் சுத்தமான காற்று என்று அறிக்கை எழுத வேண்டாம். பளியர் குடியிருப்புக் கூரையின்மேல் வையுங்கள்.