கல்விக் கடன் வட்டிச் சலுகை: சட்டத்தில் உண்டு, பயனோ குறைவு

புது தில்லி: உயர்கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை உச்சவரம்பின்றி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையை, அசலை விடுத்து வட்டிக்கு மட்டும் என 2005-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் வகுத்தது. எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும் இச்சலுகை 2007-இல் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் பெறும் பெற்றோருக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்றும் அது சட்டத்தில் உள்ளது. ஆனால், பழைய வரி முறையில் மட்டுமே.

2020-இல் அறிமுகமான புதிய வரி முறை, 2023-இல் இயல்பான முறையாக்கப்பட்டது. அதில் விகிதம் குறைவு. கல்விக் கட்டணத்துக்கோ கடன் வட்டிக்கோ கழிவு கிடையாது. ரூ.12 லட்சம் வரை வரியில்லை என 2025 பட்ஜெட் அறிவித்த பின், அவ்வரம்புக்கு உட்பட்ட பெரும்பாலோருக்கு இச்சலுகை தேவைப்படாது.

சிக்கல் அதற்கு மேல் ஊதியம் பெறும் நடுத்தரக் குடும்பங்களுக்கே. புதிய முறையில், மகளின் மருத்துவப் படிப்புக்காக ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வட்டி கட்டும் தந்தையும், கடனே இல்லாத சக ஊழியரும் ஒரே வரியைச் செலுத்துவர். மாத ஊதியம் பெறுவோர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ள முடியும். எனினும், வட்டிக் கழிவு ஒன்றை மட்டும் நம்பிப் பழைய முறைக்குத் திரும்புவது அநேகருக்கு இழப்பாகவே முடியும்.

விலக்குகளைக் குறைத்து வரியை எளிமையாக்குவதே அரசின் வாதம். எளிமைக்கான விலையைக் கடன் வாங்கிப் படிக்கவைப்போர் மட்டும் தருவது நியாயமா என்பதற்கு நாடாளுமன்றம் விடை காண வேண்டும்.