ஃபயர்ப்ரூஃப், வாட்டர்ப்ரூஃப் பெட்டகம்: ஸ்டிக்கரை நம்பி வாங்கலாமா?

ஒரு சின்ன சோதனை. எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்: உங்கள் பிறப்புப் பத்திரத்தின் மூலப்பிரதி இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது?

"அம்மாகிட்ட இருக்கும்" என்பதுதான் பலருடைய பதில். எங்கள் வீட்டிலும் அதேதான். அம்மா அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனையும் இடம் அதுதான்.

இணையக் கடைகளில் "ஃபயர்ப்ரூஃப், வாட்டர்ப்ரூஃப்" என்று போட்ட பெட்டகங்கள் சில நூறு ரிங்கிட்டிலிருந்து சில ஆயிரம் ரிங்கிட் வரை கிடைக்கின்றன. வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால் எண்கள் இருக்க வேண்டும். எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம்? எண் இல்லாத ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர்தான்.

இது யாருக்கோ நடப்பதா?

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூரில் ஒரு மாதத்துக்குச் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கின. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துப் பற்றிய தீ காலையில் தொடங்கி, பிற்பகலில்தான் முழுதாக அணைந்தது. உடுத்திய துணியோடு ஓடியவர்களுக்கு ஐ.சி.யை எடுக்கக்கூட நேரமில்லை.

"அதான் ஜே.பி.என்.ல திரும்ப எடுத்துக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பேரிடரில் மைகார்டு, பிறப்புப் பத்திரம் இழந்தவர்களுக்குத் தேசியப் பதிவிலாகா கட்டணம் வாங்காமல் மாற்று ஆவணம் தருவது வழக்கம். கடப்பிதழையும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். காப்புறுதிப் பத்திரம் தொலைந்தாலும் நிறுவனத்திடம் பதிவு இருக்கும். வீட்டு கிராண்டு எரிந்துபோனாலும் சொத்து கைவிட்டுப் போகாது. உரிமை நில அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. மாற்றுப் பத்திரத்துக்கு விண்ணப்பம், அரசிதழ் அறிவிப்பு என்று கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பக் கிடைக்காதவை வேறு. உயில் அதில் ஒன்று. உயிலை எழுதியவரே வைத்திருந்து, அவர் இறந்த பிறகு மூலப்பிரதி கிடைக்கவில்லை என்றால், அவரே அதை ரத்து செய்துவிட்டார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 'இல்லை' என்று நிரூபிப்பது குடும்பத்தின் பாடு.

இன்னொன்று நம் சமூகத்துக்கு நெருக்கமானது. தோட்டத்தில் பிறந்த பாட்டி தாத்தாக்களில் பலருக்குப் பிறப்புப் பதிவு தாமதமானது, சிலருக்கு நடக்கவே இல்லை. இந்தியர்களின் ஆவணப் பிரச்சினைக்காக 2011-இல் 'மைடஃப்தார்' என்றே தனியாக ஓர் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. குடியுரிமை விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ள வீட்டில், பழைய 'சூராட் பெரானாக்', தோட்டத்து வேலைச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், கிளினிக் அட்டை எல்லாமே ஆதாரம். சிலவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. அந்தத் தோட்டமே இன்று இருக்காது. பெட்டகத்தில் முதலிடம் இந்தக் காகிதங்களுக்குத்தான். நகை அப்புறம்.

தீயைத் தாங்கும் என்றால் எவ்வளவு நேரம்?

எந்தப் பெட்டகமும் என்றைக்கும் தீயைத் தாங்காது. ஒரு குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும். அந்த நேரத்தைச் சோதித்துச் சான்றளிக்கத் தரநிலைகள் உண்டு. அமெரிக்காவின் யு.எல். 72-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 'கிளாஸ் 350, ஒரு மணி நேரம்' என்றால், பெட்டகத்தை உலையில் வைத்து ஒரு மணி நேரத்தில் வெப்பத்தை 927 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவார்கள். அத்தனை சூட்டிலும், பிறகு ஆறும்போதும், உள்ளே 350 ஃபாரன்ஹைட்டைத் தாண்டக்கூடாது. செல்சியஸில் அது 177. காகிதம் கருகத் தொடங்குவது 200 டிகிரிக்கு மேல் என்பதால் பத்திரங்கள் தப்பிக்கும்.

காகிதம் தப்பிக்கும், சரி. மற்றதெல்லாம்?

நம் 1 ரிங்கிட், 5 ரிங்கிட் பாலிமர் நோட்டுகள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது 160 டிகிரியைத் தாண்டியதும் உருகிவிடும். பென்டிரைவ், ஹார்டு டிஸ்க்குக்கு இன்னும் மோசம். அவற்றுக்கு என்றே 'கிளாஸ் 125' என்ற வகை இருக்கிறது. உள்ளே 52 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஈரப்பதமும் 80 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சாதாரண வீட்டுப் பெட்டகம் அந்த வகையில் வராது. கல்யாண ஆல்பத்தின் ஹார்டு டிஸ்க்கை அதில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

ஈரப்பதம் எங்கிருந்து வருகிறது? தீக்காப்புப் பெட்டகத்தின் சுவருக்குள் பெரும்பாலும் ஜிப்சம் அல்லது கான்கிரீட் கலவை இருக்கும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதற்குள் கட்டுண்ட நீர். சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது வேகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். அந்த ஆவியில் கொஞ்சம் உள்ளேயும் வரும்.

இந்தக் கலவைதான் பெட்டகத்துக்கு எடையைத் தருகிறது. ஹோட்டல் அறையில் பார்க்கும் மெல்லிய இரும்புப் பெட்டியில் அது கிடையாது. எண் பூட்டு இருக்கும், பார்க்க கம்பீரமாக இருக்கும், தீயில் அதுவே ஓர் அடுப்பாகிவிடும். ஐம்பது ரிங்கிட்டுக்கு விற்கும் 'தீப்புகா பை'யும் அப்படித்தான். துணி எரியாது, ஆனால் சூடு உள்ளே போகும்.

தண்ணீருக்கு என்ன கணக்கு?

வாட்டர்ப்ரூஃப் என்று விற்கும் பல பெட்டகங்களின் அட்டையைக் கவனமாகப் படித்தால், 20 சென்டிமீட்டர் தண்ணீரில் 24 மணி நேரம் என்பது போல ஓர் எண் இருக்கும். 20 சென்டிமீட்டர் என்பது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. குழாய் உடைந்தாலோ, பொம்பா வீரர்கள் அடிக்கும் தண்ணீர் தரையில் தேங்கினாலோ அது போதும். தாமான் ஸ்ரீ மூடா அளவு வெள்ளத்துக்குப் போதாது.

கடைக்காரர் சொல்லாத இன்னொரு விஷயம், காற்றுப் புகாமல் மூடிய பெட்டி மிதக்கும். வெளி அளவு 40 லிட்டர், எடை 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 40 கிலோ தண்ணீரைத் தள்ளும் என்பதால் தாராளமாக மிதக்கும். கதவு திறந்திருந்தால் பக்கத்துத் தாமானுக்கே போய்விடும். அதனால் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவது நல்லது. ஆனால் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகளில் மட்டும்தான். நீங்களாக டிரில் போட்டால் தீக்காப்பும் போச்சு, நீர்க்காப்பும் போச்சு.

எங்கே வைப்பது? இதில் தீயும் வெள்ளமும் சண்டை போடுகின்றன. சூடு மேலே ஏறும், தளம் இடிந்தால் மேலே இருப்பது கீழே விழும். ஆகவே தீக்குக் கீழ்த்தளம் நல்லது. வெள்ளத்துக்கு மேல்மாடி. இரட்டை மாடி டெரஸ் வீடு, ஆற்றோரமோ தாழ்வான பகுதியோ என்றால் நான் வெள்ளத்தின் பக்கம்தான் நிற்பேன். மேல்மாடியில், சமையலறைக்கு நேர் மேலே இல்லாத அறையில், கான்கிரீட் தளத்தில் வைக்கலாம். பழைய பலகை வீட்டு மாடியில் எண்பது கிலோவை ஏற்றுவதற்கு முன் தச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்தாவது மாடி அடுக்குமாடி வீட்டில் வெள்ளம் பெரிய பேச்சே இல்லை. அங்கே தீ நிமிடங்களைப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே எப்படி வைப்பது என்பதும் இதைப் பொறுத்ததுதான். நமக்கு எதையும் லேமினேட் செய்யும் பழக்கம் உண்டு. சாதாரண பிளாஸ்டிக் உறை 130 டிகிரிக்குள்ளேயே உருகி, காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். வெள்ள அபாயம் உள்ள வீடு என்றால் பிளாஸ்டிக் பையைத் தவிர்க்க முடியாது, போடுங்கள். உயரமான மாடியில் காகித உறையே மேல். எங்கிருந்தாலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, மாதம் இரண்டு முறையாவது கதவைத் திறந்து வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், தீயும் வெள்ளமும் வராமலேயே பூஞ்சை பத்திரத்தைத் தின்றுவிடும்.

அப்போ தாலி, வளையல்?

தூய தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். 916 நகை அதற்குக் கொஞ்சம் முன்னால் உருகும். உருகினாலும் கட்டியாகத் தங்கம் அங்கேயே கிடக்கும், மதிப்பு போகாது. முத்தும் கல்லும் வெடிக்கலாம். தங்கத்துக்கு உண்மையான எதிரி திருடன். தீக்காப்புக்காகச் செய்த சின்னப் பெட்டி திருடனை நிறுத்தாது, அவன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான். கைப்பிடி வேறு வைத்திருக்கிறார்கள்! எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நகை அதிகம் என்றால் வங்கி லாக்கர் அல்லது போல்ட் போட்ட கனமான பெட்டகம். காகிதத்துக்கு அளவான ஒரு தீக்காப்புப் பெட்டி. அடகுச் சீட்டு மட்டும் காகிதப் பெட்டிக்குப் போகட்டும். நகை கடையில் பத்திரமாக இருக்கும், சீட்டு இல்லாமல் மீட்கப் போனால்தான் தலைவலி.

கடையில் என்ன கேட்பது?

எந்தத் தரநிலை, எத்தனை நிமிடம், யார் சோதித்தது என்று கேளுங்கள். சான்றிதழ் முத்திரை கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும் விளம்பரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "ஆயிரம் டிகிரி தாங்கும்" என்று மட்டும் சொன்னால், உள்ளே எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

பெட்டகம் வாங்கும் வசதி இல்லையென்றால்? இந்த வார இறுதியில் செலவே இல்லாமல் பாதி வேலையை முடிக்கலாம். மூலப்பிரதிகளை நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, கிளவுடில் ஏற்றி, கடவுச்சொல் போடுங்கள். ஒரு செட் நகலை வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ சித்தியிடமோ கொடுங்கள். உயில் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுநருக்குத் தெரியட்டும். கொஞ்சம் காசு இருந்தால், படகுப் பயணத்துக்கு எடுத்துப் போகும் நீர்புகாப் பை ஒன்று வாங்கி, அம்மாவின் பிஸ்கட் டின்னில் உள்ளதை அதற்கு மாற்றி, மேல்மாடியில் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். தண்ணீர் ஏறும்போது தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். எண்பது கிலோ பெட்டகத்தோடு அது முடியாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு விஷயம். எண் பூட்டின் பேட்டரியும் மின்சுற்றும் வெள்ளத்தில் போய்விடும், அவசரச் சாவி தேவைப்படும். அந்தச் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், நடக்கிற கதைதான். தீக்குப் பிறகு பெட்டகம் முழுசாகக் கிடைத்தாலும் உடனே திறக்காதீர்கள். உள்ளே சூடாக இருக்கும் காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளலாம். வெளிப்பக்கம் கைவைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆனாலும் காத்திருங்கள்.